நிதி இருப்புக்கு உட்பட்டு

இப்போதெல்லாம் யாரும் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. பார்க்கலாம் என்கிறார்கள். வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டால், ‘வர முயற்சி பண்றேன்’ என்கிறான். வருவதற்கு என்னடா முயற்சி? காலை எடுத்து வைத்தால் வந்துவிட்டுப் போகிறாய். போனில் செய்தி அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு பொம்மையை அனுப்பிவிட்டு, பதில் சொல்லியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறான். அந்தக் கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது, சூப்புவதா?

சாரக்காரருக்கு இந்த எரிச்சல் காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடும். கட்டடம் கட்டுகிறவர்களுக்குச் சாரம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். இரும்புக் குழாய், பலகை, குழாயோடு குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பு. ஊர் ஓரத்தில் சுற்றுச்சுவர் போட்ட ஒரு மனை, அதில் ஒரு தகரக் கொட்டகை. அவருக்கென்று இருக்கும் சொத்து அது ஒன்றுதான். எழுத்து அவருக்கு அவ்வளவாக ஓடாது. தன் பெயரைப் போடுவார், பேருந்துப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார், அதோடு சரி. அதனால் தொழிலில் காகிதம் கிடையாது. அதற்குப் பதில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வண்டியில் சாமான் ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு, எடுத்துக்கொண்டு போகிறவன் வாசலில் நின்று, சுமை ஏற்றிய ஆளைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, உரக்கச் சொல்ல வேண்டும்: ‘இன்னின்னது எடுத்துட்டுப் போறேன், இந்த நாள்ல திருப்பிக் கொண்டாந்து விடுவேன், வளைஞ்சா நெளிஞ்சா நான் பொறுப்பு.’ பெரிய பெரிய என்ஜினியர்கள்கூடக் காது சிவக்கச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். ‘என்ன பெரியவரே, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பிக்கச் சொல்றீங்க’ என்று சிரித்த ஒருத்தனுடைய வண்டியிலிருந்து கயிற்றை அவிழ்க்கச் சொன்னதும் உண்டு. நாலு பேர் கேட்க வாயால் சொன்னவனுக்கு வயிற்றில் கொஞ்சம் பயம் இருக்கும் என்பது அவர் எண்ணம்.

அன்று மாலை மருமகள் வேலை முடிந்து நேராகக் கொட்டகைக்கே வந்தாள். வழக்கமாக வருகிறவள் இல்லை. அவள் ஒரு வக்கீலம்மாவிடம் தட்டச்சு வேலை பார்த்தாள். அடுத்தவர்களின் சண்டை சச்சரவுகளையெல்லாம் நாள் முழுக்கத் தட்டித் தட்டி, வக்கீலம்மா சொல்லச் சொல்லவே ‘மேடம், இந்தப் பிரிவு இல்லை, அதற்கு அடுத்தது’ என்று திருத்துகிற அளவுக்குத் தேறியிருந்தாள். மகன் ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை. இருவர் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. சார வாடகை, இப்போது வருகிற ஆட்கள் ‘பார்க்கலாம்’ சொல்வதில் பாதி போய்விடுகிறது.

“மாமா, ஒரு கையெழுத்து வேணும்.”

“எதுக்கு?”

“எனக்கு சட்டக் கல்லூரியில இடம் கிடைச்சிருக்கு. பரீட்சை எழுதினேன்ல, அது. ஃபீஸ் முழுக்க அவங்களே பாத்துக்குவாங்க.”

“நீ எப்ப பரீட்சை எழுதின?”

“உங்க பையனுக்குத் தெரியும்.”

“அவனுக்கு என்ன தெரியும்? ரொட்டி கருகினாத் தெரியும். சரி, ஃபீஸை அவங்களே பாத்துக்கறாங்கன்னா நடுவுல என் கையெழுத்து எதுக்கு?”

மருமகள் பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். வழவழப்பான தாள், தலையில் தங்க நிறத்தில் ஒரு முத்திரை. சாரக்காரர் அந்தத் தங்க முத்திரையைப் பார்த்ததுமே உஷாரானார். சாமான் மட்டமாக இருக்கிற கடையில்தான் பை பளபளவென்று இருக்கும்.

“படி,” என்றார்.

படித்தாள். தங்களுக்கு முழுக் கல்விக் கட்டண உதவித்தொகை வழங்குவதில் கல்லூரி மகிழ்ச்சி அடைகிறது. இவ்வுதவித்தொகை சேர்க்கை ஆண்டுக்கு உரியது. மாணவர் நன்னிலையில் தொடரும் பட்சத்தில், நிதி இருப்புக்கு உட்பட்டு, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் நீட்டிக்கப்படலாம். மாணவர் படிப்பை இடையில் கைவிட்டால், அதுவரை வழங்கப்பட்ட தொகை முழுவதும், அசையாச் சொத்து உடைய பிணையாளரிடமிருந்து மீளப் பெறப்படும்.

“பிணையாளர்னா?”

“ஜாமீன் கையெழுத்துப் போடறவர். நீங்க.”

“அசையாச் சொத்துன்னா?”

மருமகள் கொட்டகையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். சொல்லத் தேவையில்லை.

சாரக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “இப்ப அதை மடிச்சு வை. படிக்காத. உன் வாயால சொல்லு. எத்தனை வருஷம் குடுப்பான்?”

“படிப்பு மூணு வருஷம். முதல் வருஷம் கண்டிப்பா. அடுத்த ரெண்டு வருஷம்…” நின்றாள். “நீட்டிப்பாங்க.”

“நீட்டிப்பாங்களா?”

“நீட்டிக்கப்படலாம்.”

“பார்க்கலாம்ங்கறான். வழவழ காகிதத்துல எழுதினா மட்டும் அது மாறிடுமா? நன்னிலைன்னா என்ன, தேறினா போதுமா, முதல் ஆளா வரணுமா?”

“போடல.”

“நிதி இருப்பு?”

“அவங்ககிட்ட பணம் இருந்தா.”

“இல்லேன்னு எவன் சொல்லுவான்? அவனேதானே?”

மருமகள் அவருக்கு எதிரே பலகை அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “மாமா, நீட்டிக்கலாம், விடலாம்ங்கறதுகூட எனக்குப் பெரிசாப் படல. எனக்கு உதைக்கிற இடம் வேற. ரெண்டாம் வருஷம் அவங்க நிறுத்திட்டாங்கன்னு வையுங்க. ஃபீஸ் கட்ட நமக்கு வழி இல்ல. நான் படிப்பை விட்டுத்தான் ஆகணும். அப்ப நான் ‘கைவிட்டதா’ ஆகுமா? அவங்க நிறுத்தினதால போனவகிட்டயும் முதல் வருஷப் பணத்தைத் திருப்பிக் கேப்பாங்களா? காலையிலருந்து திருப்பித் திருப்பிப் படிச்சுட்டேன். கேப்பாங்கன்னும் இல்ல, கேக்க மாட்டாங்கன்னும் இல்ல.”

சாரக்காரருக்குக் கொட்டகையின் தகரம் தலைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது போல இருந்தது. அவள் நெளிவு சுளிவு தெரிந்தே வந்திருக்கிறாள். தெரிந்தும் கையெழுத்துக் கேட்கிறாள். அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது.

“கடைசி நாள் எப்ப?”

“வர்ற வெள்ளிக்கிழமை. கையெழுத்தோட நேர்ல கொண்டுபோய்க் குடுக்கணும். இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்.”

“உன் வேலை?”

“முழுநேரப் படிப்பு மாமா. வேலையை விட்டாகணும். மேடம் வேற ஆள் பாக்கறதாச் சொல்லிட்டாங்க.”

மறுநாள் சாரக்காரர் முதல் வேலையாக வக்கீலம்மாவிடம் போனார். சட்டம் படித்தவளாயிற்றே, ஒரு வார்த்தையில் உடைத்துச் சொல்லிவிடுவாள் என்று நம்பியதுதான் அவர் அந்த வாரத்தில் வைத்த ஒரே நம்பிக்கை. மருமகள் தேநீர்க் கோப்பையோடு ஓர் ஓரமாக நின்றாள். வக்கீலம்மா கடிதத்தைப் படித்தாள். மேசைமேல் வைத்தாள். மறுபடி எடுத்துப் படித்தாள்.

“ரெண்டு பக்கமும் வாதாடலாம் பெரியவரே.”

“நீங்க எந்தப் பக்கம்?”

“யாரு எனக்கு வக்காலத்துக் குடுக்கறாங்களோ அவங்க பக்கம்.”

“நான் குடுத்தேன்னு வையுங்க. ஜெயிப்பேனா?”

“நல்ல வழக்கு.”

“நல்ல வழக்குன்னா ஜெயிக்கிற வழக்கா?”

“நல்லா நடத்தலாம்னு அர்த்தம். எதிர்த்தரப்புக்கும் நல்ல வழக்குதான்.”

சாரக்காரர் எழுந்துவிட்டார். “ஏம்மா, ஒரு சுவரு சாய்ஞ்சிருக்கா நேரா இருக்கான்னு கேட்டா, சாய்ஞ்சிருக்குன்னும் வாதாடலாம், நேரா இருக்குன்னும் வாதாடலாம்ங்கறீங்க. சுவருக்கு அடியில நிக்கறவன் என்ன பண்றது?”

“நகந்து நிக்கலாம்,” என்றாள் வக்கீலம்மா சிரிக்காமல். “இந்த மாதிரி வாசகம் எல்லா இடத்துலயும் இருக்கறதுதான். பாதிப் பேரு படிக்கவே மாட்டாங்க. உங்க மருமக படிச்சுட்டா, அதான் தொல்லை.”

வெளியே வந்ததும் அவர் மருமகளிடம் சொன்னார்: “உன்னை விட மனசில்லாம இப்படி வழவழங்கறா.”

“இல்ல மாமா. மேடத்துக்கு நிஜமாவே தெரியல.”

“தெரியலேன்னா தெரியலேன்னு சொல்றதுக்கு நாக்குல என்ன சுளுக்கா?”

கல்லூரிக்குப் போன் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண்குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. அழுத்தினால் பாட்டுப் போட்டது. பாட்டு முடிந்தால் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது. “முக்கியம்னா எடுக்க வேண்டியதுதானே,” என்று சாரக்காரர் அந்தக் குரலிடமே சண்டைக்குப் போனார். மருமகள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, “நேர்லயே போயிடலாம் மாமா. ஆனா நான் பேசறேன். நீங்க பேசக்கூடாது,” என்றாள்.

“நான் எதுக்குப் பேசப் போறேன்?” என்றார் அவர்.

சேர்க்கைப் பிரிவு முதல் மாடியில், நீளமான ஒரு கூடத்தில் இருந்தது. வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் அழைப்பு எண் காட்டும் சிவப்பு விளக்கு. கண்ணாடித் தடுப்பில் பேசுவதற்கென்று ஓர் ஓட்டை, அது குள்ளமானவர்களுக்கும் இல்லாமல் நெட்டையானவர்களுக்கும் இல்லாமல் ஓர் உயரத்தில். எல்லோரும் குனிந்து, கும்பிடு போடுகிற மாதிரி நின்றுதான் பேச வேண்டியிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞன். கழுத்தில் அட்டை, மேசைமேல் சாப்பிட்டு வைத்த பிஸ்கட் உறை.

மருமகள் குனிந்து, பொறுமையாக, கொட்டகையில் சொன்னதையே சொன்னாள். அவர்கள் நிறுத்தி, அதனால் தான் போக நேர்ந்தால், திருப்பிக் கேட்பார்களா?

“எல்லாம் கடிதத்துல இருக்கு மேடம்.”

“கடிதத்துல இல்லாததாலதான் வந்தேன்.”

“விதிமுறைகள்படி நடக்கும்.”

“விதிமுறை எங்க இருக்கு?”

“கடிதத்துல.”

சாரக்காரருக்கு உள்ளே ஏதோ சூடாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. இளைஞனுக்கும் பாவமாக இருந்திருக்க வேண்டும். அவளுடைய முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “கவலைப்படாதீங்க மேடம். நான் வந்ததுலருந்து யாருக்கும் நிறுத்தினதில்ல. யாருகிட்டயும் திருப்பிக் கேட்டதில்ல,” என்றான்.

மருமகளின் தோள் இறங்கியது. மூச்சு விட்டாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சாரக்காரர் அவளை ஒதுக்கிவிட்டு ஓட்டையிடம் குனிந்தார்.

“நல்ல வார்த்தை சொன்ன தம்பி. இதை அப்படியே கொஞ்சம் உரக்கச் சொல்லு.”

“என்ன சார்?”

“யாருக்கும் நிறுத்தினதில்ல, திருப்பிக் கேட்டதில்ல, இவளுக்கும் நிறுத்த மாட்டோம், கேக்க மாட்டோம்னு. உன் பேரையும் சேத்துச் சொல்லு. இரு, ஒரு ஆளைக் கூப்பிடறேன்.” பின்னால் திரும்பினார். முதல் நாற்காலியில் சிவப்புப் பை வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள், மகனோ மகளோ எங்கோ கையெழுத்துக்குப் போயிருக்க வேண்டும். “அம்மா, இங்க வாங்க, இந்தத் தம்பி ஒண்ணு சொல்லப் போறாரு, காது குடுத்துக் கேளுங்க, அவ்வளவுதான்.”

“மாமா,” என்றாள் மருமகள்.

“நீ சும்மா இரு. இது நம்ம வழக்கம்.”

சிவப்புப் பை அம்மாள் ஏதோ இலவசமாகக் கிடைக்கப் போகிறது என்று நினைத்தோ என்னவோ ஆர்வமாக எழுந்து வந்தாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். ஒருத்தர், “அவங்க என்ன சொல்றாங்க? பணம் திருப்பிக் கேக்க மாட்டாங்களாமா? எங்களுக்குமா?” என்று சத்தமாகக் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இளைஞனின் முகம் வெளுத்துப் போனது.

“நான் அப்படிச் சொல்லல சார்.”

“இப்பத்தானே சொன்ன!”

“நான் பொதுவாச் சொன்னேன்.”

“பொதுவாச் சொன்னதை இவங்க முன்னாடி சொல்லு. சொன்ன வாய்தானே? வலிக்குமா?”

உள்ளே ஒரு கதவு திறந்தது. துணைப் பதிவாளர் என்று அட்டை தொங்க ஓர் அம்மாள் வந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். இளைஞன் எழுந்து நின்றான். சாரக்காரர் கண்ணாடித் தடுப்பைத் தட்டிக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல், பெருமையோடுகூடச் சொன்னார். இளைஞன் சொன்ன வார்த்தைகளை அப்படியே, அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டினார். துணைப் பதிவாளர் இளைஞனைப் பார்த்த பார்வையில், அவன் அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்க மாட்டான்.

“கல்லூரியின் சார்பா வாய்மொழியா எந்த உறுதியும் தர இவருக்கு அதிகாரம் இல்ல,” என்றார் துணைப் பதிவாளர். “உங்களுக்கு நிபந்தனைகள்ல ஆட்சேபம் இருக்குன்னு தெரியுது. கோப்புல குறிச்சுக்கறோம்.”

“ஆட்சேபம் இல்ல மேடம், விளக்கம்தான்…” என்றாள் மருமகள்.

“பரிசீலனை முடியற வரைக்கும் இந்த இடம் நிறுத்தி வைக்கப்படும். காத்திருப்போர் நிறையப் பேர் இருக்காங்க. அடுத்தவங்க வாங்க.”

சிவப்பு விளக்கில் அடுத்த எண் எரிந்தது.

பேருந்தில் மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சாரக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். “ஒரு வார்த்தையைத் திருப்பிச் சொல்ல முடியாதவனை நம்பி என் இடத்தை எழுதிக் குடுக்கச் சொல்றியா?” என்றார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “நான் கேட்டதுல என்ன தப்பு? சொல்லேன்.”

அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. “மாமா, அவங்க உங்ககிட்ட குழாய் எடுக்க வரல. நான்தான் அவங்ககிட்டப் போய் நிக்கறேன். வாசல் அவங்களோடது. கயிறும் அவங்க கையில. அந்தப் பையன் நமக்கு ஒரு நல்லது சொன்னான், நாலு பேரைக் கூட்டி அவனை மாட்டிவிட்டுட்டீங்க. இனிமே அந்த ஓட்டை வழியா எவனாவது எனக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுவானா?”

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். சாரக்காரர் அவரை முறைத்தார். அவர் முன்னால் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் மகன் மாவு படிந்த கையோடு உட்கார்ந்து கதையைக் கேட்டான். “விடுங்கப்பா,” என்றான். எல்லாவற்றுக்கும் அவன் சொல்வது அதுதான்.

“எதை விட? இடத்தையா, கேள்வியையா?”

“அவ ரெண்டு வருஷமா ராத்திரி பகல் பாக்காம படிச்சிருக்காப்பா. எனக்கு மட்டும் ஒரு மனை இருந்தா நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.”

“இல்லாதவன் போடறேன்னு சொல்றது ரொம்ப லேசு.”

மகன் எழுந்து கை கழுவப் போனான். அடுத்த இரண்டு நாளும் வீட்டில் பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. மருமகள் சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைப்பாள், ‘மாமா, சாப்பாடு’ என்பாள், அதோடு சரி. சாரக்காரருக்கு அந்தச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் தான் செய்தது தப்பு என்று ஒரு கணம்கூட ஒப்புக்கொள்ள அவர் தயாராக இல்லை. வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்தில் எழுதுகிறவன் ஏமாற்றத்தான் எழுதுகிறான். இதில் என்ன சந்தேகம்?

மருமகள் அவரிடம் சொல்லாமலே மறுபடி கல்லூரிக்குப் போனாள். ஆட்சேபம் எதுவும் இல்லை, விளக்கம் மட்டுமே கேட்டேன் என்று எழுதிக் கொடுத்து, துணைப் பதிவாளரின் அறை வாசலில் காத்துக் கிடந்து, ஒரு பதிலோடு திரும்பினாள். வியாழக்கிழமை மாலை கொட்டகைக்கு வந்து அவர் முன்னால் நின்றாள்.

“நிறுத்தி வச்சதை எடுத்துட்டாங்க. விளக்கமும் குடுத்திருக்காங்க.”

“அடி சக்கை! படி.”

படித்தாள். தாங்கள் கோரிய விளக்கம் தொடர்பாகத் தெரிவிப்பது யாதெனில், மேற்படி நிபந்தனைகளில் உள்ள சொற்கள் அவற்றின் இயல்பான பொருளிலேயே கொள்ளப்பட வேண்டும். உரிய தருணத்தில், உரிய குழு, உரிய சூழ்நிலைகளைக் கருத்தில் கொண்டு முடிவெடுக்கும். அம்முடிவே இறுதியானது.

சாரக்காரர் கையில் இருந்த கிளாம்பைத் தரையில் ஓங்கிப் போட்டார். அது உருண்டு பலகை அடுக்கின் அடியில் போனது.

“இதுக்குப் பேரு விளக்கமா? விளக்கெண்ணெய்! முன்ன ஒரு பக்கம் புரியல, இப்ப ரெண்டு பக்கம் புரியல. இதை எழுத ஒரு ஆளு, அதுக்கு முத்திரை குத்த ஒரு ஆளு! நான் போட மாட்டேன். முடியாது. நீ வேலைக்கே போ. உனக்கு என்ன குறைச்சல்? உக்காந்த இடத்துல வேலை, மாசமானா சம்பளம்.”

“வேலைய விட்டுட்டேன் மாமா.”

“என்ன?”

“நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். புதுசா வந்த பொண்ணுக்கு இன்னிக்கு மேசையைக் காட்டிக் குடுத்துட்டு வந்தேன்.”

“இது கைக்கு வர்றதுக்கு முன்னாடியா?” அவர் கடிதத்தைக் காட்டினார்.

“ஆமா.”

“யாரைக் கேட்டு?”

“யாரையும் கேக்கல. கேட்டா எல்லாரும் பார்க்கலாம்னுதான் சொல்லியிருப்பீங்க.” அவள் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். “எனக்கும் இந்தக் காகிதத்து மேல நம்பிக்கை இல்ல மாமா. உங்களைவிட எனக்கு நல்லாவே தெரியும் இதுல எங்கெங்க ஓட்டைன்னு. ஆனா தெளிவா எழுதின கடிதம் வரட்டும்னு உக்காந்திருந்தா, நான் சாகறவரைக்கும் அடுத்தவங்க மனுவைத் தட்டிக்கிட்டேதான் இருப்பேன். மூணு வருஷமும் முதல் ஆளா வரப் பாக்கறேன். அவங்க நிறுத்தினா, ராத்திரியில தட்டச்சு வேலை எடுத்தாவது ஃபீஸ் கட்டறேன். பாதியில விட மாட்டேன். அதுக்கு மேல சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல. நீங்க போடலேன்னா, நாளைக்கு என் இடம் போச்சு, வேலையும் போச்சு. போகட்டும். உங்க மேல வருத்தம் இருக்காதுன்னு சொல்ல மாட்டேன். இருக்கும்.”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாரக்காரர் குனிந்து பலகைக்கு அடியில் கையை விட்டுக் கிளாம்பைத் தேடினார். எட்டவில்லை. ஒரு குழாயை எடுத்து நெம்பிப் பார்த்தார். அது கிளாம்பை இன்னும் உள்ளே தள்ளிவிட்டது. எல்லாவற்றையும் திட்டினார். கல்லூரியை, துணைப் பதிவாளரை, வக்கீலம்மாவை, ‘விடுங்கப்பா’ மகனை, முன்யோசனையே இல்லாமல் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் மருமகளை. அவளைத் திட்டும்போது மட்டும் வார்த்தை சரியாக அமையவில்லை. முன்யோசனை இல்லாதவள் என்று சொல்ல முடியாது. அவரைவிட முன்னாலேயே அவள் எல்லா ஓட்டையையும் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை, மருமகள் புறப்படும்போது, சட்டையை மாட்டிக்கொண்டு அவரும் வாசலில் நின்றார். மனைப் பத்திரம் ஒரு துணிப்பையில் அவர் கக்கத்தில் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே இளைஞன்தான். சாரக்காரரைப் பார்த்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான். மருமகள் தாள்களை ஓட்டைக்கு அடியில் இருந்த இடுக்கு வழியாகத் தள்ளினாள். தன் கையெழுத்துகளைப் போட்டாள். பேனாவை அவரிடம் நீட்டினாள்.

“இங்க மாமா.”

அவர் பேனாவை வாங்கவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தார். “பயப்படாத தம்பி. இன்னிக்கு யாரையும் கூப்பிட மாட்டேன். நீயும் நானும்தான். இவளை நிறுத்திட்டு, என்கிட்டத் திருப்பிக் கேப்பாங்களா?”

இளைஞன் உள்கதவைப் பார்த்தான். மூடியிருந்தது. “பெரியவரே, சத்தியமாத் தெரியாது. அன்னிக்கு நான் சொன்னது நான் பாத்த வரைக்கும். நான் இங்க வந்தே கொஞ்ச நாள்தான் ஆகுது. நானே ஒப்பந்தத்துல இருக்கேன். எனக்கு நீட்டிப்பாங்களான்னே எனக்குத் தெரியாது.”

“உனக்கும் இதே மாதிரி காகிதம்தானா?”

“இதைவிட நீளம்.”

சாரக்காரர் ‘ம்’ என்றார். அந்தக் கட்டடத்தில் முதல்முறையாக ஒருத்தன் தெரியாது என்று சொன்னதைக் கேட்டார். அதனால் அவருக்கு எந்த ஆறுதலும் வந்துவிடவில்லை.

“ஆள் மேல ஏறிட்டா,” என்றார், யாரிடம் என்று தெரியாமல். “ஏறின பிறகு கீழ நின்னுக்கிட்டு, குழாய் நல்லதா மட்டமான்னு பேசிட்டு இருக்கக்கூடாது. புடிச்சுக்கணும். வேற வழி? குடு.”

பேனாவை வாங்கினார். தாள்மேல் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி, கோணல் மாணலாகத் தன் பெயரைப் போட்டார். நடுவில் மை விட்டுவிட்டது. உதறிவிட்டு, விட்ட இடத்தில் தொடர்ந்தார். இளைஞன் முத்திரை குத்தினான். ஒரு நகலை மருமகளிடம் கொடுத்தான். மனைப் பத்திரத்தை வாங்கி நகல் எடுத்துக்கொண்டு, அசலைத் திருப்பித் தள்ளினான். சாரக்காரர் அதை இரண்டு முறை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் துணிப்பைக்குள் வைத்தார்.

மருமகள் நகலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “மாமா…”

“ஒண்ணும் சொல்லாத. எனக்கு நம்பிக்கை வந்துடுச்சுன்னு நினைக்காத. இந்தக் காகிதத்து மேல இல்ல. அந்த அம்மா மேல இல்ல. இந்தப் பையன் பாவம், அவன் மேலயும் இல்ல.”

“என் மேல?”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “நீ யாரையும் கேக்காம வேலையை விட்டவ. உன்னை எப்படி நம்பறது?”

இப்போது அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

“அடையாள அட்டைக்குப் படம் எடுக்கணும், பக்கத்து அறைக்குப் போங்க,” என்றான் இளைஞன்.

“இருங்க மாமா, சேந்தே போயிடலாம்,” என்றாள் மருமகள்.

“நீ எடுத்துட்டு வா. எனக்கு இங்க நின்னா மூச்சு முட்டுது.”

நாற்காலி வரிசையைக் கடந்து நடந்தார். ஒரு தகப்பன் மடிமேல் இதேபோல வழவழப்பான ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்துப் படித்துக்கொண்டிருந்தான். சாரக்காரர் ஒரு நொடி நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லி என்ன ஆகப் போகிறது? துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியில் இறங்கினார். “நீட்டிக்கப்படலாமாம்,” என்று ஒரு படியில் சொன்னார். “இயல்பான பொருளாம்,” என்று அடுத்த படியில். தெருவுக்கு வந்த பிறகும் அவர் வாய் ஓயவில்லை. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, திரும்பியே பார்க்காமல், வெயிலில் நடந்துகொண்டே இருந்தார்.